டிக்கெட் விற்பனைக்கே ஒரு விருது: யார் தருகிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள்?

கேள்வி இதுதான்: நல்ல இயக்கத்துக்கும் நல்ல நடிப்புக்கும் விருது கொடுக்கிறார்கள். அதிகம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு படத்துக்கு எங்கேயாவது விருது கொடுப்பது உண்டா? உண்டென்றால், ஏற்கெனவே வசூலை அள்ளிவிட்ட படத்துக்கு அந்த விருது எதற்கு?

முதல் பாதிக்குப் பதில் எளிது. உண்டு. ஜெர்மனி, நெதர்லாந்து, இத்தாலி, போலந்து, ஜப்பான், தென்கொரியா, கனடா என்று பல நாடுகளில் இருக்கிறது, சில இடங்களில் பல பத்தாண்டுகளாக. இரண்டாவது பாதிக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் போக வேண்டும். இந்த விருதுகளை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் இல்லை. தலைகளை எண்ணி, எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு நிற்கிற விருதுக்கு அர்த்தம் இருக்கிறது. அதே விருதுக்குள் தரத்தையும் கொஞ்சம் நுழைக்கப் பார்த்தால், அது எண்ணிக்கையாகவும் நிற்பதில்லை, மதிப்பீடாகவும் நிற்பதில்லை.

ஜெர்மனியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் இந்த யோசனை மிகத் தெளிவாக உருவானது. அந்த விருதின் பெயர் 'கோல்டன லைன்வாண்ட்', தங்கத் திரை. 1964 முதல் தரப்படுகிறது. தருபவர்கள் விமர்சகர்கள் அல்ல, தியேட்டர் உரிமையாளர்களின் சங்கம். விதி ஒரே வரியில் அடங்கும்: ஒரு படம் திரைக்கு வந்த 18 மாதங்களுக்குள் 30 லட்சம் பேர் பார்த்திருக்க வேண்டும். தொடக்கத்தில் கெடு இன்னும் குறுகியதாக, 12 மாதமாக இருந்தது. உள்நாட்டுப் படமா, வெளிநாட்டுப் படமா என்ற பேதம் கிடையாது. நடுவர் குழு கிடையாது, பரிந்துரைப் பட்டியல் கிடையாது. ஓர் ஆண்டில் பத்துப் படம் அந்தக் கோட்டைத் தாண்டினால் பத்துக்கும் உண்டு, ஒன்றும் தாண்டாவிட்டால் ஒன்றுக்கும் இல்லை. 60 லட்சத்தைத் தொட்டால் அதே விருதோடு ஒரு நட்சத்திரமும் சேரும். முதன்முதலில் இதைப் பெற்ற படம், ஜெர்மன் சாகசக் கதை எழுத்தாளர் கார்ல் மாயின் கதையிலிருந்து எடுக்கப்பட்டு 1962-ல் வந்த 'டேர் ஷாட்ஸ் இம் சில்பர்சே'. அமெரிக்க மேற்கைப் பற்றிய கதையை ஐரோப்பாவிலேயே எடுத்து, ஜெர்மன் ரசிகர்களைக் கூட்டங்கூட்டமாகத் தியேட்டருக்கு வரவழைத்த படம் அது.

இந்த விருது தோன்றிய காலத்தைக் கவனியுங்கள். 1956-ல் மேற்கு ஜெர்மனியில் ஓராண்டில் விற்ற டிக்கெட்டுகள் 81 கோடிக்கும் மேல். அதன் பிறகு வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. 1964-ல் அந்த உச்சத்தில் பாதிகூட இல்லை. ஊருக்கு ஊர் தியேட்டர்கள் மூடிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் 30 லட்சம் பேரை வீட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்த ஒரு படத்துக்குத் தியேட்டர்காரர் நன்றி சொன்னார் என்றால், அதில் வியாபாரம் மட்டும் இல்லை. அவருடைய பிழைப்பே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே 'கல்லா நிரம்பிய படத்துக்கு விருது எதற்கு' என்று கேட்டால், இந்த இடத்தில் பதில் தெளிவு: இது நடுவர் தரும் பாராட்டு அல்ல, திரையிட்டவர் எடுத்தவருக்குச் சொல்லும் நன்றி.

அந்த 18 மாதக் கெடு ஏன் என்று பலருக்குத் தோன்றும். அதற்கு நல்ல உதாரணம் 'தி ஜங்கிள் புக்' கார்ட்டூன் படம். 1968 இறுதியில் ஜெர்மனியில் வெளியாகி, திரும்பத் திரும்ப மறுவெளியீடு கண்டு, மொத்தம் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர் அங்கே பார்த்ததாகக் கணக்கு. அந்த நாட்டின் சாதனை அது. ஆனால் பெற்றோர் சிறுவயதில் பார்த்துவிட்டு, பிறகு தங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டிச் சேர்ந்த எண்ணிக்கை. பல தலைமுறைத் திரையீட்டையும் ஒரே முறை ஓடிய படத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கெடு வைத்தால்தான் 'அந்தச் சமயத்தில் மக்கள் எதை ஓடிப்போய்ப் பார்த்தார்கள்' என்பது தெரியும்.

ஜெர்மனியில் இன்னொன்றும் இருக்கிறது, என்னைக் கேட்டால் இன்னும் புத்திசாலித்தனமானது. 'போகி' விருது. அது ஹாலிவுட் நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட்டின் செல்லப் பெயர். 'பிளிக்பங்க்ட் ஃபிலிம்' என்ற தொழில் இதழ் தொடங்கியது. இதற்கு இரண்டு வாசல்கள். ஒன்று, பெரிய படங்களுக்கானது: 10 நாளில் 10 லட்சம் பேர் பார்த்திருக்க வேண்டும். 20 நாளில் 20 லட்சம் என்றால் வெள்ளி, 30 நாளில் 30 லட்சம் என்றால் தங்கம், 50 நாளில் 50 லட்சம் என்றால் பிளாட்டினம், 100 நாளில் ஒரு கோடி என்றால் டைட்டானியம். நினைவில் வைக்க எவ்வளவு எளிது பாருங்கள்.

இரண்டாவது வாசல்தான் அழகு. முதல் வார இறுதியில் ஒரு பிரிண்டுக்குச் சராசரியாக 1,000 பேர் வந்தாலும் போகி உண்டு. 800 தியேட்டரில் இறக்கப்பட்ட படம் இதைப் பெற வேண்டுமானால் அந்த மூன்று நான்கு நாளில் 8 லட்சம் பேர் வேண்டும். 20 பிரிண்டோடு வந்த சின்னப் படத்துக்கு 20,000 பேர் போதும். மொத்த எண்ணிக்கையில் அந்தச் சின்னப் படம் பட்டியலின் அடியில் எங்கோ கிடக்கும். ஆனால் கிடைத்த ஒவ்வோர் அரங்கையும் நிரப்பியிருக்கிறது. 'எத்தனை தியேட்டர் கிடைத்தது' என்பது விநியோகஸ்தரின் பலத்தைக் காட்டும். 'கிடைத்த தியேட்டரில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள்' என்பதுதான் படத்தின் பலத்தைக் காட்டும். டிக்கெட் விற்பனைக்கு விருது வைக்க நினைக்கும் எவரும் இந்த இரண்டாம் கணக்கை விட்டுவிடக்கூடாது.

நெதர்லாந்துக்கு வருகிறேன். மேலே சொன்னவை தியேட்டர் தொழிலின் பார்வையில் பிறந்தவை என்றால், இங்கே பிறந்த காரணம் வேறு: சொந்த மொழிப் படத்தைக் காப்பாற்றுவது. 2001-ல் நெதர்லாந்து திரைப்பட விழாவும் அந்த நாட்டின் திரைப்பட நிதியமும் சேர்ந்து 'தங்கப் படம்' என்ற விருதைத் தொடங்கின. டச்சுப் படங்களுக்கு மட்டும். முதலில் 75,000 டிக்கெட் விற்றால் போதும் என்று வைத்தார்கள். 2003-லிருந்து அதை ஒரு லட்சமாக உயர்த்தினார்கள். பிளாட்டினத்துக்கு முதலில் 2 லட்சம், பிறகு 4 லட்சம். 2007-ல் 10 லட்சம் டிக்கெட்டுக்கு வைரம் என்று ஒரு படி சேர்ந்தது.

ஒரு லட்சம் என்றதும் 'அவ்வளவுதானா?' என்று கேட்கத் தோன்றும். அந்த நாட்டின் மக்கள்தொகையே இரண்டு கோடிக்குக் கீழே. பக்கத்தில் ஜெர்மன், பிரெஞ்சு, மேலே ஹாலிவுட். பல டச்சுப் படங்களுக்குக் கூட்டம் சேர்ப்பதே போராட்டம். அங்கே ஒரு லட்சம் என்பது பத்திரிகையில் ஒரு செய்தி, அடுத்த படத்துக்கு நிதி கேட்கப் போகும்போது கையில் ஒரு சான்று. விருதின் நோக்கமே டச்சுப் படங்கள் மீது ஊடகக் கவனத்தைத் திருப்புவதுதான். படம் இன்னும் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இலக்கைத் தொட்டால், விருதுச் செய்தி இன்னும் சில ஆயிரம் பேரை உள்ளே கொண்டுவரும். ஆண்டு முடிந்து மேடை போட்டுத் தரும் விருதால் இது முடியாது.

அப்புறம் நெதர்லாந்துக்காரர்கள் 2005-ல் செய்த காரியம் ஒன்று உண்டு. ஆவணப் படங்களுக்கு 'படிகப் படம்' என்று தனி விருது வைத்தார்கள். 10,000 டிக்கெட் விற்றால் போதும். கதைப்படத்துக்கு வைத்த கோட்டை ஆவணப் படத்துக்கும் வைத்திருந்தால் அநேகமாக எதுவும் தொட்டிருக்காது. பத்தில் ஒரு பங்காகக் குறைத்ததும், ஆவணப் பட இயக்குநருக்கும் 'என் படத்தையும் மக்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள்' என்று சொல்ல ஓர் அடையாளம் கிடைத்தது. எண்ணிக்கை விருது என்றாலே பெரிய படத்துக்கானது என்ற எண்ணத்தை உடைத்த ஏற்பாடு இது. என் மனதுக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

தங்கம், பிளாட்டினம், வைரம் என்ற இந்த அடுக்கு இசைத்தட்டுத் தொழிலை ஒட்டியது. அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் 1958-ல் தங்கத்தட்டையும் 1976-ல் பிளாட்டினத்தையும் 1999-ல் வைரத்தையும் கொண்டுவந்தது. ஆனால் இரண்டுக்கும் முக்கியமான வித்தியாசம் உண்டு. இசைத்தட்டில் நீண்ட காலம் எண்ணியது கடைக்கு அனுப்பப்பட்ட பிரதிகளை. அனுப்பியதெல்லாம் விற்றதாக ஆகாது. சினிமா டிக்கெட் அப்படியில்லை. ஒரு டிக்கெட் கிழிந்தால் ஓர் இருக்கையில் ஓர் ஆள். அதனால் தியேட்டர் கணக்கு, சரியாக எடுத்தால், அதைவிட நம்பகமானது.

சரி, டிக்கெட்டை எண்ணுவதா, பணத்தை எண்ணுவதா? இந்த விஷயத்தில் நாடுகள் இரண்டு அணி. பிரான்ஸ், ஜெர்மனி, தென்கொரியா ஆகியவை முதலில் ஆட்களை எண்ணுகின்றன. அமெரிக்காவும் ஜப்பானும் பணத்தை எண்ணுகின்றன. பிரான்சில் இதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. 1948 முதல் ஒவ்வொரு சினிமா டிக்கெட் மீதும் ஒரு தனி வரி. இப்போது அது 10.72 சதவீதம். அந்தப் பணம் தேசியத் திரைப்பட மையத்துக்குப் போய், அங்கிருந்து மறுபடி படம் எடுக்கவும் தியேட்டர் பராமரிக்கவும் வருகிறது. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் வரி என்றால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அரசிடம் கணக்கு இருக்கும். அதனால் அங்கே ஒரு படம் வெற்றியா என்று பேசும்போது 'எத்தனை பேர் நுழைந்தார்கள்' என்றுதான் பேசுவார்கள், எத்தனை யூரோ என்று அல்ல.

பணத்தை எண்ணினால் வரும் சிக்கல் தெரிந்ததே. டிக்கெட் விலை ஏற ஏறப் புதிய படமே 'சாதனை' ஆகும். 1939-ல் வந்த 'கான் வித் தி விண்ட்' அமெரிக்காவில், மறுவெளியீடுகளையும் சேர்த்து, சுமார் 20 கோடி டிக்கெட் விற்றதாக மதிப்பிடுகிறார்கள். இன்றைய டாலர் பட்டியலில் அது எங்கோ கீழே இருக்கிறது, ஏனென்றால் அந்த டிக்கெட்டுகளில் பெரும்பகுதி சில சென்டுகளுக்கும் ஓரிரு டாலருக்கும் விற்றவை. இதில் ஐமேக்ஸ், முப்பரிமாணக் கட்டணங்களும் சேர்ந்தால், ஒரே ஆள் ஒரே படத்தைப் பார்த்ததற்கு ஓர் அரங்கில் ஒரு மடங்கு, பக்கத்து அரங்கில் இரண்டு மடங்கு. ஜப்பானில் இன்னொரு குழப்பம்: 1999 வரை விநியோகஸ்தருக்குக் கிடைத்த பங்கைத்தான் வெளியிட்டார்கள், 2000-லிருந்து தியேட்டரின் மொத்த வசூலை வெளியிடுகிறார்கள். அந்த எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள படங்களை நேரடியாக ஒப்பிடவே முடியாது. அங்கே 1983 முதல் தியேட்டர் உரிமையாளர் சங்கம் தரும் 'கோல்டன் குரோஸ்' (தங்க வசூல்) விருது இந்தத் தொல்லையிலிருந்து தப்புவதற்குக் காரணம், அது அந்தந்த ஆண்டுப் படங்களை மட்டும் ஒப்பிடுகிறது, உள்நாட்டுப் படம் தனியாக, வெளிநாட்டுப் படம் தனியாக.

கனடாவில் 'கோல்டன் ரீல்' என்று தொடங்கிப் பிறகு 'கோல்டன் ஸ்கிரீன்' என்று பெயர் மாறிய விருதும் பண வசூலை வைத்துத்தான், 1970களிலிருந்து. அதிக வசூல் செய்த கனடியப் படத்துக்குத் தருவார்கள். ஆங்கிலம் பேசுவோர் பெரும்பான்மையான அந்த நாட்டில், பல ஆண்டுகள் அதை வென்றவை கியூபெக் மாகாணத்தின் பிரெஞ்சு மொழிப் படங்கள். ஆங்கிலக் கனடாவின் திரைகளை ஹாலிவுட் நிரப்பிக்கொள்கிறது. கியூபெக்கில் மொழி ஒரு வேலியாக நின்று சொந்தப் படங்களுக்குச் சொந்தக் கூட்டத்தைத் தருகிறது. திரைப்படக் கொள்கை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் அறிக்கை சொல்வதை அந்த வெற்றியாளர் பட்டியல் ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறது.

போலந்தில் கிடினியா நகரத் திரைப்பட விழாவில் அதிகப் பார்வையாளரைப் பெற்ற படத்துக்கு 'ஆம்பர் சிங்கம்'. இத்தாலியில் தியேட்டர்காரர்கள் சொரெந்தோவில் தரும் 'தங்க டிக்கெட்'. அதைத் தாண்டி, இத்தாலியின் முதன்மைத் திரைப்பட விருதான டேவிட் தி தொனாத்தெல்லோவே 2019 முதல் அதிக டிக்கெட் விற்ற இத்தாலியப் படத்துக்குத் தனியாக ஒரு 'பார்வையாளர் டேவிட்' தருகிறது. இதை நான் வரவேற்கிறேன். யாரும் ஓட்டுப் போடுவதில்லை, கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

தென்கொரியாவின் புளூ டிராகன் விருதும் இப்படித்தான். 2019 விழாவில் சிறந்த படம் 'பாரசைட்'. அதிகப் பார்வையாளர் விருது 'எக்ஸ்ட்ரீம் ஜாப்' என்ற நகைச்சுவைப் படத்துக்கு, 1.6 கோடிப் பேர் பார்த்தது. மக்கள்தொகை 5 கோடிக்குச் சற்று மேலான நாட்டில். 'பாரசைட்' படமும் ஒரு கோடியைத் தாண்டியதுதான். ஒரே மேடையில் இரண்டு விருதும் தரப்பட்டன, ஒன்றால் மற்றதன் மதிப்பு குறையவில்லை. இரண்டும் இரண்டு வெவ்வேறு கேள்விக்குப் பதில்.

பிரான்ஸ் இதே காரியத்தில் தடுமாறியது. 2008-ல் டேனி பூன் இயக்கி நடித்த 'பியான்வெனு ஷே லெ ஷ்தி' என்ற நகைச்சுவைப் படத்தை 2 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். பிரெஞ்சுப் படங்களில் அதுவரை இருந்த எல்லா எண்ணிக்கையையும் தாண்டியது. அடுத்த ஆண்டு பிரான்சின் முதன்மைத் திரைப்பட விருதான செசாரில் அதற்குக் கிடைத்தது திரைக்கதைக்கான ஒரே ஒரு பரிந்துரை. நகைச்சுவைக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று பூன் வெளிப்படையாகவே கேட்டார். பத்தாண்டு கழித்து, 2018-ல், அதிகம் பேர் பார்த்த பிரெஞ்சுப் படத்துக்கு 'மக்கள் செசார்' அறிமுகமானது. முதல் விருது அதே டேனி பூனின் இன்னொரு படத்துக்கு. அடுத்த ஆண்டும் ஒரு நகைச்சுவைத் தொடரின் மூன்றாம் பாகத்துக்கு. உடனே முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். 2020-ல் விதியை மாற்றினார்கள்: அதிகம் பேர் பார்த்த ஐந்து படங்களில் ஒன்றை அகாதமி உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள் என்று. வென்றது அதே விழாவில் சிறந்த படம் விருதையும் வாங்கிய 'லே மிசராப்'. மக்கள் பெயரில் இருந்த விருதை நடுவர்கள் எடுத்துக்கொண்டதும் அது இன்னொரு சிறந்த படம் விருதாக ஆகிப்போனது. அதற்குப் பிறகு அந்த விருதே தொடரவில்லை.

அமெரிக்காவில் ஆஸ்கர் அகாதமி 2018 ஆகஸ்ட்டில் 'ஜனரஞ்சகப் படத்துக்கான சிறந்த சாதனை' என்று ஒரு பிரிவை அறிவித்தது. எதை வைத்து ஜனரஞ்சகம் என்று முடிவு செய்வார்கள் என்று சொல்லவே இல்லை. எதிர்ப்பு வலுத்து, செப்டம்பரில் தள்ளிவைத்தார்கள். கோல்டன் குளோப் 2024-ல் 'திரைப்பட மற்றும் வசூல் சாதனை' விருதைத் தொடங்கியது. தியேட்டர் வசூல் வழியில் தகுதி: உலகம் முழுவதும் 15 கோடி டாலர், அதில் 10 கோடி அமெரிக்காவிலேயே. தகுதி பெற்றவற்றில் எட்டைப் பொறுக்கி, வாக்காளர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் முறை வென்றது 'பார்பி', அந்த ஆண்டு உலக வசூலில் முதலிடம் பெற்ற படம். அதைத் தேர்ந்தெடுக்க ஓட்டே தேவையில்லை. முதலிடம் பெறாத படம் வென்றாலோ, வசூல் சாதனை என்ற பெயர் பொய்யாகும். அமெரிக்காவிலேயே 10 கோடி டாலர் வேண்டும் என்ற விதியால், தன் நாட்டில் கோடிக்கணக்கானோர் பார்த்த வேற்றுமொழிப் படம் அநேகமாக வாசலிலேயே நின்றுவிடும். இதை டிக்கெட் விருதுகளின் கணக்கில் சேர்ப்பதா என்றே எனக்குத் தயக்கம் உண்டு.

இன்னொரு கேள்வி கண்டிப்பாக எழும்: எண்ணிக்கைக்கு விருது என்றால் எண்ணிக்கையைப் பொய்யாக ஏற்ற மாட்டார்களா? ஏற்றியிருக்கிறார்கள், விருதுக்காக அல்ல, வியாபாரத்துக்காக. சீனாவில் 2016 மார்ச்சில் 'இப் மேன் 3' வெளியானபோது, சில தியேட்டர்களில் ஒரே அரங்கில் பத்து நிமிட இடைவெளியில் அடுத்தடுத்த காட்சிகள் ஹவுஸ்ஃபுல் என்று கணினியில் காட்டியதை ரசிகர்களே கண்டுபிடித்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம் அது. அரசு விசாரித்ததில், 7,600-க்கும் மேற்பட்ட போலிக் காட்சிகள், 3 கோடியே 20 லட்சம் யுவான் பொய் வசூல் என்று தெரிந்தது. அதுபோக விநியோகத் தரப்பே 5 கோடியே 60 லட்சம் யுவானுக்கு டிக்கெட் வாங்கியிருந்தது. விநியோக நிறுவனத்துக்கு ஒரு மாதத் தடை விதித்தார்கள்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. காட்சி நேரம், அரங்கு, விற்ற இருக்கை எல்லாம் பொதுவில் தெரிந்ததால்தான் ரசிகர்களால் பிடிக்க முடிந்தது. தயாரிப்பாளர் போஸ்டரில் அடித்துக்கொள்ளும் தொகையை யாரும் இப்படிச் சரிபார்க்க முடியாது. அதனால் ஒரு டிக்கெட் விருதை நம்பலாமா என்று பார்க்கும்போது நான் முதலில் கவனிப்பது விருதை அல்ல, அதன் பின்னால் இருக்கும் கணக்கு யாருடையது என்பதை. ஜெர்மனியிலும் பிரான்சிலும் டிக்கெட் கணக்கைக் குறைத்துக் காட்டினால் திரைப்பட நிதிக்குச் சேர வேண்டிய தொகையில் ஏமாற்று, கூட்டிக் காட்டினால் இல்லாத டிக்கெட்டுக்குக் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் இடிக்கும் கணக்கு அது. அதன் மேல் நிற்கும் விருதுக்குத்தான் கனம்.

தயாரிப்பாளர் சொந்தமாகச் சொன்ன தொகையை வைத்துக் கொடுக்கப்படும் எந்தக் கேடயத்தையும் நான் விளம்பரமாகவே எடுத்துக்கொள்வேன். இனி யாராவது இப்படியொரு விருதைப் புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் நான் கேட்பது நான்கு விஷயங்கள்: பணத்தை விட்டு டிக்கெட்டை எண்ணுங்கள், கெடு வையுங்கள், ஒரு திரைக்கு எத்தனை பேர் என்ற கணக்கைச் சின்னப் படங்களுக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆவணப் படத்துக்குத் தனி இலக்கு கொடுங்கள். ஓட்டு மட்டும் வேண்டாம்.